அந்தியூர்ச் சந்தையா, பந்தயக் குதிரையா, பெங்களூரு பஸ்ஸா? டிரெஸ்ஸாஜ் பழக நினைக்கும் மதுரைக்காரர்களுக்கு

“அண்ணே, ஒரு குதிரை வாங்கலாம்னு இருக்கேன். பொண்ணு டிரெஸ்ஸாஜ் பழகணும்ங்குது. ராஜஸ்தான் மார்வாரிக் குதிரை வாங்கவா, ரேஸ்ல ஓடி ஓய்ஞ்சது வாங்கவா?”

அப்பன்திருப்பதிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் குதிரை நிற்பது தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் போனில் பேசிச் சலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் குதிரை வாங்கலாம் என்று கேட்கிறவர் யாரும், இப்போது குதிரை வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு என்ன கொடுத்தேன் என்பது பின்னால் வரும்.

எங்கள் வீட்டில் இது ஆரம்பித்தது 2023 செப்டம்பரில். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வாங்கியது. சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா என்று நாலு பேர். குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். மகள் அதைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடுத்த வருடம் அனுஷ் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். டிரெஸ்ஸாஜில் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் போன முதல் ஆள் அவர்தான். அத்தோடு எங்கள் வீட்டில் பேச்சு வேறு எதுவும் இல்லை.

தோப்பில் வேலை செய்கிற பெரியவர், என் மகள் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர்ல கல்யாண ஊர்வலத்துல ஆடுற குதிரைதானப்பா?” என்றார். சிரிக்க வேண்டாம். வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறும் இடம் இதுதான்.

டிரெஸ்ஸாஜ் என்பது 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள களத்தில், ஓரத்தில் நட்டிருக்கும் எழுத்துக்களைக் குறியாக வைத்து, சொன்ன இடத்தில் சொன்ன நடையைக் காட்டுவது. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். ஆரம்பநிலைச் சோதனையில் என்ன இருக்கும் என்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நடை, ட்ராட் என்கிற துரித நடை, கேண்டர் என்கிற மெதுவான பாய்ச்சல், 20 மீட்டர் வட்டம், நேராக வந்து நிற்பது, அவ்வளவுதான். அந்த ஐந்து காரியத்தைச் சரியாகச் செய்யப் பல வருடம் ஆகும். குதிரைக்கு ஐந்து கதி என்றும், இடசாரி வலசாரி என்றும் நம் பழைய நிகண்டுகளில் வருகிறதே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான். இடப்பக்கம் சுற்றுகிற அதே சுலபத்தோடு வலப்பக்கமும் சுற்ற வேண்டும். சொல்ல எளிது. மனிதருக்கு வலக்கை இடக்கை போலக் குதிரைக்கும் ஒரு பக்கம் வாகு, ஒரு பக்கம் முரண்டு.

பயிற்சியில் ஒரு படிக்கட்டு வரிசை உண்டு. ஜெர்மானியர்கள் வகுத்தது, உலகம் முழுக்க அதைத்தான் வைத்துப் பழக்குகிறார்கள். முதலில் தாளம், அடுத்து உடல் தளர்வு, பிறகு கைக்கும் குதிரை வாய்க்கும் நடுவே நிதானமான தொடர்பு, பின்னங்காலிலிருந்து வரும் உந்தல், உடல் நேராக இருத்தல், கடைசியில்தான் உடலைத் திரட்டிப் பின்னங்கால்களில் பாரத்தைத் தாங்குவது. ஊர்வலக் குதிரை ஆடுகிறதே, அது கடைசிப் படியைப் போலத் தோன்றும். இருந்த இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். ஆனால் முதுகைப் பாருங்கள், பள்ளமாக விழுந்திருக்கும். தலை வானத்தைப் பார்க்கும். வாய் பிளந்திருக்கும். கட்டி வைத்து, கடுமையான கடிவாளத்தில், மேளத்துக்கு மேளம் வலி கொடுத்துப் பழக்கியதால் வந்த ஆட்டம் அது. முதல் ஐந்து படியும் இல்லாமல் ஆறாவது படியில் தொங்குகிற குதிரை. அதைக் கீழே இறக்கி முதல் படியிலிருந்து ஏற்றுவது, ஒன்றும் தெரியாத குட்டியைப் பழக்குவதை விட மூன்று மடங்கு வேலை.

சந்தையில் வாங்கிய மார்வாரி

என் மச்சான் தேர்ந்தெடுத்த வழி இது. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போனான். மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் என்று வரிசையாக நிற்கும். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற அழகில் மயங்காதவர் உண்டா? நாலு வயது ஆண் குதிரை ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான்.

மார்வாரிக்கு நம் ஊரில் சில அனுகூலங்கள் உண்டு. பாலைவன வெயிலில் வளர்ந்த ஜாதி என்பதால் மதுரையின் சித்திரை வெயில் அதற்குப் பெரிய விஷயம் இல்லை. குளம்பு கெட்டி. தீனி அதிகம் கேட்காது. மனுஷனோடு சீக்கிரம் ஒட்டும். உயரமும் பந்தயக் குதிரையை விடக் குறைவு.

பிரச்சினை நடையில் இருக்கிறது. மார்வாரிகளில் பலவற்றுக்குப் பிறவியிலேயே ‘ரேவால்’ என்ற ஒரு நடை உண்டு. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும். மேலே உட்கார்ந்தால் தொட்டிலில் ஆட்டுவது போல சுகம், குலுக்கலே இருக்காது. ராஜஸ்தானத்து மணலில் நாள் முழுக்கப் பயணம் போக அதைவிட நல்ல நடை கிடையாது. டிரெஸ்ஸாஜுக்கு அது ஆகாது. ட்ராட் என்றால் இடது முன்கால் வலது பின்காலோடு, வலது முன்கால் இடது பின்காலோடு, குறுக்காக இரண்டு தட்டு விழ வேண்டும். டக், டக், டக், டக் என்று கடிகாரம் மாதிரி. ரேவால் கலந்தால் முதல் படியான தாளமே போய்விடும், நடுவர் அங்கேயே மதிப்பெண்ணைக் குறைப்பார். ஒவ்வொரு மார்வாரிக்கும் அது இருக்கும் என்று சொல்லவில்லை. சந்தையில் நிற்கும்போதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். கால் குறுக்காகப் போகிறதா, பக்கமாகப் போகிறதா என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்துவிடும். மச்சான் எடுக்கவில்லை. காதைத்தான் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

இன்னொன்று கழுத்து. உயரமாக எழும்பி நிற்கிற கழுத்துதான் மார்வாரியின் கம்பீரம். ஆனால் தளர்வு என்றால் குதிரை தன் கழுத்தைத் தானே முன்னும் கீழும் நீட்டி, முதுகைத் தூக்கி நடக்க வேண்டும். எப்போதும் தலையைத் தூக்கியே பழகியதற்கு அதைச் சொல்லிக் கொடுக்க மாதக் கணக்கில் வட்டமும், கீழே கிடத்தின கம்புகளைத் தாண்டி நடப்பதுமாகப் பொறுமை வேண்டும்.

வயதும் பார்க்க வேண்டும். குதிரையின் முதுகெலும்பு முழுசாக முற்றுவதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகிவிடும். “ரெண்டு வயசுலயே ஏறிட்டோம்ணே” என்று சந்தையில் பெருமையாகச் சொல்வார்கள். அது குறை, பெருமை இல்லை. உயர்மட்டச் சர்வதேசப் போட்டியான கிராண்ட் ப்ரீயில் 8 வயது ஆகாத குதிரையை இறக்கவே விடமாட்டார்கள். அவசரப்பட இங்கே ஒன்றும் இல்லை.

பந்தயத்தில் ஓய்ந்தது

நான் தேர்ந்தெடுத்த வழி. தரோபிரெட் என்கிற பந்தய ஜாதி. பெங்களூரு போன்ற ஊர்களின் பந்தயங்களில் ஓடி, வேகம் குறைந்ததும் கழித்துவிடுவார்கள். விலை மிகக் குறைவு. பார்த்துக்கொள்ள நல்ல இடம் கிடைத்தால் போதும் என்று சும்மாவே கொடுக்கிறவர்களும் உண்டு. நல்ல உயரம், நீண்ட வீச்சான நடை, சுத்தமான இரண்டு தட்டு ட்ராட். காகிதத்தில் பார்த்தால் மார்வாரியை விட இதுதான் டிரெஸ்ஸாஜுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் அதற்கு இதுவரை என்ன தெரியும் என்று யோசிக்க வேண்டும். இரண்டு வயதிலிருந்து அதற்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, முன்னால் ஓடு. ஜாக்கி, காலை வைக்கும் வளையமான அங்கவடியைக் குட்டையாகக் கட்டி முதுகுக்கு மேலே எழுந்து நிற்பார். ஆகவே ஆள் பாரம் முதுகில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம், விலாவில் கால் பட்டால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. லகானை இறுக்கிப் பிடித்தால் நிற்கும் என்று நாம் நினைப்போம். பந்தயத்தில் லகான் இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாகப் போகலாம் என்று அது கற்றிருக்கிறது. பயந்த பிள்ளை லகானை இழுக்கும், குதிரை பறக்கும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

தரகர் ஒருவர் மூலம் வாங்கினேன். “டிரெஸ்ஸாஜ் பழகினது சார், பச்சைப் புள்ள மாதிரி” என்றார். போய்ப் பார்த்த அன்று உண்மையிலேயே பச்சைப் பிள்ளை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மகள் ஏறிச் சுற்றி வந்தாள், ஒரு சிலும்பல் இல்லை. லாரியில் ஏற்றித் தோப்புக்கு வந்த மூன்றாம் நாள் வேறு குதிரை. நரி பரியாகி, ராத்திரி பரி மறுபடி நரியானது நம் மதுரையில்தானே நடந்தது! எனக்கு நடந்தபோதுதான் பாண்டியனின் வயிற்றெரிச்சல் புரிந்தது. பார்த்த அன்று மயக்க ஊசி போட்டிருக்கிறார்கள் என்று கால்நடை மருத்துவர் ஊகித்தார், நிரூபிக்க வழியில்லை. இரண்டாம் வாரம் மகள் விழுந்து இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்த மாதமே குதிரைக்குக் குளம்பில் சீழ் வைத்து அதற்கும் வைத்தியச் செலவு.

ஆகவே வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தடவை போய்ப் பாருங்கள். லாயத்திலிருந்து பிடித்து வருவது, சேணம் கட்டுவது எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். முதலில் விற்கிறவர் ஆள் ஏறட்டும். கெட்டியான தரையில் நேராக ஓட விட்டு, தலை ஒரு தாளத்துக்கு மட்டும் எகிறுகிறதா என்று பாருங்கள், நொண்டல் அங்கே தெரியும். விலை பேசும் நாளில் உங்கள் மருத்துவர் ரத்தம் எடுத்து வைக்கட்டும். எடுக்கப் போகிறோம் என்று சொன்னதுமே பாதிப் பேர் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான்.

பந்தயக் குதிரைக்கு மதுரை வெயில் பெரிய சோதனை. மருத்துவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சூடும் புழுக்கமும் உள்ள ஊருக்கு வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும், தோலைத் தொட்டால் காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட குதிரையைக் கோடையில் பழக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. வாங்கும்போது வேலைக்குப் பிறகு கழுத்தும் விலாவும் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வயிற்றுப் புண்ணும் பந்தயக் குதிரைகளில் சர்வ சாதாரணம். நாள் முழுக்க ஏதாவது புல் வாயில் இருந்துகொண்டே இருந்தால்தான் ஆறும். கொள்ளுத் தானியத்தைக் குறைத்து, குதிரை மசால் என்கிற பசுந்தீவனத்தையும் காய்ந்த புல்லையும் கூட்டினோம். வேலை இல்லாத நாளில் வழக்கம்போலத் தானியம் வைத்துவிட்டு மறுநாள் ஓட்டினால் பின்தொடைத் தசை கட்டையாக இறுகி நின்றுவிடும். ஓய்வு நாள் என்றால் கொள்ளுக்கும் ஓய்வு.

இவ்வளவும் சொன்னதால் அது மோசமான தேர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கருப்பன் இன்றைக்கு நல்ல குதிரை. ஆனால் அவனைப் பழக்கியது மகள் இல்லை. அவள் விழுந்த பிறகு நாலு மாதம் யாரும் ஏறவே இல்லை. மேய்ச்சல், கையில் பிடித்து நடை, பிறகு நீண்ட கயிற்றில் வட்டம். பிறகு மாதம் ஒரு முறை வந்த பயிற்சியாளர் ஏறினார். அவர் கால் வைத்தால் என்ன, உட்கார்ந்தால் என்ன என்று அதற்கு அகராதி எழுதிக் கொடுத்தார். தெரிந்த ஆள் கையில் இந்தக் குதிரை தங்கம். தெரியாத பிள்ளைக்கு முதல் குதிரையாக இது வேண்டவே வேண்டாம்.

வயதான, பழகிய குதிரை

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, கிடைப்பதில்லை என்பதால். 15, 16 வயதில், போட்டிகளில் நின்று பழகிய குதிரை ஒன்று குத்தகைக்கோ விலைக்கோ கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை தப்பாகக் கேட்டால் அது செய்யாது, சரியாகக் கேட்டால் செய்யும். அதைவிட நேர்மையான வாத்தியார் யார்? ஆனால் வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள். விட்டாலும் மூட்டுக்கு வைத்தியம், பல்லுக்கு வைத்தியம், மிருதுவான தரை என்று நம்மால் ஈடுகொடுக்க முடிய வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய ராஜாக்கள் வருடா வருடம் கடல் வழியாகக் குதிரைகளை வாங்கிக் குவித்ததையும், லாடம் அடிக்கவும் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லாமல் அவை செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். எழுநூறு வருடம் கழித்தும் மதுரையில் ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் பார்க்க ஒரு நல்ல ஆளைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளுகிறது. நல்ல குதிரையை விட நல்ல லாடக்காரர் அரிது. வாங்குவதற்கு முன்னால் அவர் நம்பரை வாங்கிவிடுங்கள்.

குதிரை வாங்காமல் பஸ் ஏறுவது

மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் எங்களுக்கு இந்த யோசனை வந்தது. பெங்களூருவில் எம்பசி போன்ற பெரிய குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன, ஆரோவில் பக்கமும் உண்டு. மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது பெங்களூரு. கோடை விடுமுறையில் மூன்று வாரம், காலாண்டு, அரையாண்டு லீவில் ஒவ்வொரு வாரம், நடுவில் முடிகிற சனி ஞாயிறு. கொடைக்கானல் ஏரிக்கரைக் குதிரையில் ரவுண்டு போனதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு பள்ளியில் முதல் நாள். தோப்பிலேயே குதிரை ஓட்டியவள் என்று பெருமையாகக் கூட்டிப் போனேன். பயிற்சியாளர் ஐந்து நிமிடம் பார்த்தார். அங்கவடி இரண்டையும் கழற்றினார். லகானை முடிச்சுப் போட்டுக் குதிரையின் கழுத்தில் விட்டார். நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட விட்டு, “ரெண்டு கையையும் இடுப்புல வச்சுக்கம்மா” என்றார். இருபது நிமிடம். மகள் அழாத குறை. இறங்கினதும், “அப்பா, இவ்வளவு நாளா நான் லகான்லதான்ப்பா தொங்கிக்கிட்டு இருந்திருக்கேன்” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பஸ் டிக்கெட் தகும். வியன்னாவில் இருக்கிற ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேருகிறவர்கள் மாதக் கணக்கில் இப்படி அங்கவடியும் லகானும் இல்லாமல் கயிற்று வட்டத்தில்தான் உட்காருகிறார்கள். அங்கே இளைய ஆள் வயதான குதிரையிடம் கற்கிறான், இளம் குதிரையைப் பழக்குவது அனுபவசாலி. நாங்கள் தோப்பில் செய்தது தலைகீழ். கற்றுக்கொள்ளாத பிள்ளையை, கற்றுக்கொள்ளாத குதிரை மேல் ஏற்றி, இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுக்கும் என்று வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இருக்கை சரியானால்தான் கை அமைதியாகும். பட்டம் விட்டவர்களுக்குப் புரியும்: நூல் தொய்ந்தால் பட்டம் விழும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், எப்போதும் விரலில் ஒரு துடிப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். குதிரையின் வாய்க்கும் கைக்கும் நடுவே இருக்க வேண்டியது அதுதான். இடுப்பு குதிரையோடு சேர்ந்து ஆடாதவரை கை ஆடிக்கொண்டே இருக்கும், கை ஆடினால் கடிவாளம் வாயில் இடித்துக்கொண்டே இருக்கும். குதிரை வாயைப் பிளக்கும், தலையைத் தூக்கும், முதுகைப் பள்ளமாக்கும். “குதிரை திமிர் பிடிச்சது” என்று நாம் முடிவு கட்டுவோம்.

இந்த வழியில் குறையும் உண்டு. செலவு பார்வைக்குக் குறைவாகத் தெரிந்தாலும் வருடக் கணக்கில் கூட்டினால் கை கடிக்கும். படிப்பு கெடுகிறது என்று பாட்டி முணுமுணுப்பார். தினமும் பழகினால் வருகிற உடல் பலம், மாதம் இரண்டு நாளில் வராது. குதிரையைத் தேய்த்து, தண்ணீர் காட்டி, சாணி அள்ளி வருகிற உறவு பள்ளிக் குதிரையோடு வராது. அனுஷ் அகர்வாலாவே சிறு வயதில் கொல்கத்தாவிலிருந்து வார இறுதிகளில் டெல்லிக்குப் பறந்து பழகியவர், 17 வயதில் ஜெர்மனிக்கே போய்விட்டார். ஹாங்சோ அணியில் நாலு பேருமே ஐரோப்பாவில் வருடக்கணக்கில் பழகியவர்கள்தான். அந்த அளவுக்குப் போக நம்மால் ஆகுமா என்ற கேள்வியைப் பிள்ளையிடம் இப்போதே கேட்க வேண்டியதில்லை. ஆனால் திறமை இருக்கும் இடத்துக்கு நாம் போவதுதான் இந்த விளையாட்டின் வழக்கம் என்பது அதிலிருந்து தெரிகிறது.

வாத்தியாரை எங்கே வைப்பது

தோப்பிலேயே தங்கிப் பழக்கித் தர ஆள் கிடைப்பார்கள். ராணுவக் குதிரைப் பிரிவிலிருந்தோ போலீஸ் குதிரைப் படையிலிருந்தோ ஓய்வு பெற்றவர்கள். குதிரையைப் பேணுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. லாயம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் எல்லோரும் டிரெஸ்ஸாஜ் பழகியவர்களாக இருக்க மாட்டார்கள். தடை தாண்டுவது, தரையில் நட்ட முளையை ஈட்டியால் குத்தி எடுப்பது, அணிவகுப்பு என்று அவரவர் வித்தை வேறு. கேட்டுத் தெரிந்துகொண்டு வையுங்கள். பிள்ளையை ஏற்றாமல், முதலில் அவரையே ஒரு 20 மீட்டர் வட்டம் போடச் சொல்லிப் பாருங்கள். வட்டம் முட்டையாகாமல், குதிரை மூக்கால் சீறித் தளர்ந்து, வால் அசைந்தாடியபடி சுற்றுகிறதா? அப்படியானால் சம்பளம் பேசலாம்.

நாங்கள் வைத்திருப்பது மாதம் ஒரு முறை வரும் பயிற்சியாளர். இரண்டு நாள் தங்குவார். நடுவில் வாரம் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அழகாக ஓடிய பகுதியை மட்டும் வெட்டி அனுப்ப மனம் துடிக்கும். வெட்டாமல் முழுசாக அனுப்புங்கள். கேண்டரிலிருந்து ட்ராட்டுக்கு இறங்குகிற அந்த மூன்று விநாடியில்தான் அவர் பார்க்க வேண்டியது இருக்கிறது. வீடியோவை மட்டும் நம்பி, நேரில் வாத்தியாரே இல்லாமல் பழகுவது என்னைக் கேட்டால் காசை மிச்சம் பிடிப்பது போலத் தெரிந்து குதிரையைக் கெடுக்கிற வழி. குதிரைக்கு நாம் அழுத்தத்தைக் கொடுப்பதால் புரிவதில்லை. சரியாகச் செய்த அந்தக் கணத்தில் அழுத்தத்தை விடுவதால்தான் புரிகிறது. ஒரு விநாடி தாமதமாக விட்டால் வேறு எதையோ கற்றுக்கொள்ளும். அந்தக் கணத்தை “இப்ப விடு!” என்று கத்துவதற்குக் களத்தில் ஆள் நிற்க வேண்டும்.

களம் பற்றிப் பயப்பட வேண்டாம். முழு அளவுக் களம் 1200 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 30 சென்ட். சிறிய களம் 20க்கு 40 மீட்டர், 20 சென்ட் போதும், ஆரம்பநிலைக்கு அதுவே நிறைவு. தரைதான் முக்கியம். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழையில் குளம்பு புதையும், கோடையில் வெடிப்பில் கால் மாட்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் வெயிலில் கல்லாகிவிடும். கீழே சரளை இறுக்கி, மேலே ஒரு சாண் கூட வேண்டாம், மூன்று விரல் உயரம் மணல், விடியுமுன் தண்ணீர் தெளிப்பு. மணல் ஆழமானால் தசைநார் கிழியும். மணலில் புல்லைக் கொட்டித் தீனி வைக்காதீர்கள், மணல் வயிற்றில் சேர்ந்து சூலை பிடிக்கும். எழுத்துப் பலகைகளுக்கு நாங்கள் பழைய எண்ணெய் டின்களில் வெள்ளையடித்து எழுதி வைத்திருக்கிறோம். குதிரைக்கு ஒன்றும் தரக்குறைவாகத் தெரியவில்லை.

நேரம் காலை ஐந்தரை முதல் ஏழரைக்குள். ஒரு குதிரைக்கு 40, 45 நிமிடம், அதில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் தளர்ந்த லகானில் வெறும் நடை. வாரம் ஐந்து நாள், அதிலும் ஒரு நாள் அழகர்மலை அடிவாரத்துப் பாதையில் சும்மா நடைப் பயணம். தினமும் களத்தில் சுற்றினால் குதிரைக்கும் சலிக்கும், பிள்ளைக்கும் சலிக்கும். தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கு உரியதே வேண்டும், பைக் ஹெல்மெட் ஆகாது. பெரியவர்கள் பழக நினைத்தால் சேணத்தோடு சேர்த்து உங்கள் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மச்சானுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஆகவே போனில் கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பிள்ளை இதுவரை குதிரையே ஏறியதில்லை என்றால் ஒரு வருடம் பஸ் ஏறுங்கள். குதிரைக்கு வைத்திருந்த காசில் பாதியைக் கயிற்று வட்டத்தில் செலவழியுங்கள். அந்த ஒரு வருடத்தையும் தாண்டி ஆசை மிச்சமிருந்தால், களமும் லாடக்காரரும் மருத்துவரும் வாத்தியாரும் கைக்கு வந்த பிறகு, குதிரை பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கனவே நன்றாக ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார், மாதம் ஒரு முறையாவது வாத்தியார் வருவார் என்றால் ஓய்ந்த பந்தயக் குதிரை. பெரிய போட்டியெல்லாம் வேண்டாம், நம் வெயிலுக்குத் தாங்கும், பேரப்பிள்ளைகள் வரை வீட்டோடு இருக்கும் குதிரை வேண்டும் என்றால், குறுக்குக் கால் போடுகிற, ஊர்வலத்தில் ஆடாத, ஆறு வயது தாண்டிய மார்வாரி. காயடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் கையில் பொலிக்குதிரை வேண்டாம்.

மச்சானின் மார்வாரி? இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் ட்ராட்டில் சுத்தமாக இரண்டு தட்டு கேட்கிறது, அதுவும் களைத்துப்போனால் ரேவாலுக்குத் தாவிவிடும். அவன் அதை மாற்றுகிற ஆசையை விட்டுவிட்டான். காலையில் அழகர்கோவில் வரை அந்தத் தொட்டில் நடையிலேயே போய் வருகிறான். மகள் கருப்பன் மேல் வாரம் மூன்று நாள், அங்கவடி இல்லாமல் பத்து நிமிடம், பிறகு வட்டம். வலசாரி ஒழுங்கு, இடசாரியில் இன்னும் தோளைத் தள்ளுகிறான். இரண்டாவது குதிரை பற்றிய பேச்சை அடுத்த சித்திரை வரை எடுக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.